பைவா என்ன சொன்னான்

லனுவோலாவின் பொய்களால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. அதனாலேயே அந்தப் பழக்கம் அவ்வளவு காலம் அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் தீவில் அப்போது வானொலித் தொலைபேசி ஒன்றுதான் இருந்தது. ஆலயத்தை ஒட்டி, சுண்ணாம்பு அடித்த சின்ன அறை. அங்கே உட்கார்ந்து தலைநகர் ஃபுனாஃபுட்டியோடு பேசுவதும், வந்த செய்தியை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவள் வேலை. இரைச்சலுக்குள்ளிருந்து குரல்கள் மிதந்து வரும். தண்ணீருக்கு அடியில் நின்று யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். மதிய வெயிலில் கண்ணை மூடி அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தால், பேசாதவர்களின் குரலும் கேட்கும் என்று அவள் சொல்வாள்.

கப்பலில் ஆரஞ்சுப் பழம் வருகிறது என்பாள். கப்பல் வரும், அரிசியும் மண்ணெண்ணெயும்தான் இறங்கும். வைதுப்புத் தீவில் ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள் ஒரே பிரசவத்தில் பிறந்ததாம் என்பாள். பிறந்திருக்காது. கேட்பவர்களின் கண் விரிவதைப் பார்க்கும்போது அவளுக்குள் ஏதோ இனிக்கும். அன்றிரவே அது கசக்கும். ஞாயிறு ஆராதனையில் தலை குனிந்து, "ஆண்டவரே, இந்த நாக்கை எடுத்துடும், இனிமே சொல்ல மாட்டேன்" என்று அழுவாள். உண்மையான அழுகைதான். ஆனால் திங்கட்கிழமை கிணற்றடியில் யாராவது "என்ன சேதி?" என்று கேட்டால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

தெலாவி தினமும் தென்னையில் பதநீர் இறக்கிவிட்டு அந்த அறை வாசலுக்கு வருவார். மனைவி இறந்து தனியாக இருந்தவர். ஒரே மகன் பைவா, வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். முதலில் அடிக்கடி பேசினான். பிறகு எப்போதாவது பேசினான். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"பைவா பேசினானா?"

"இல்லை, பெரியப்பா."

"சரி. கடல் பெரிசு" என்று சொல்லிவிட்டு, ஈரப்பலா மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அவர் நடந்து போகிற விதத்தை அவளால் பார்க்க முடியாது.

ஒரு நாள் அவர் கேட்டபோது அவள் "பேசினான்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "ரொம்ப வடக்கே இருக்கானாம். கடலே உறைஞ்சு வெள்ளையா கிடக்குதாம், பெரியப்பா. கப்பல் அதை உடைச்சுக்கிட்டுப் போகுதாம். ராத்திரி அந்தச் சத்தத்துல தூக்கம் வராம உங்க பதநீரை நெனைச்சுக்குவானாம்."

தெலாவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "என் பதநீரையா?"

"ஆமா. இந்த உலகத்துல எங்கயும் அந்த ருசி இல்லைன்னான்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளே நம்பிவிட்டாள். அந்த வெள்ளைக் கடலை அவளும் கண்டாள். அதற்குப் பிறகு பைவா மாதத்துக்கு ஒரு முறையாவது பேசினான். திமிங்கிலங்களைப் பார்த்தான். காய்ச்சல் வந்து குணமானான். அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தான்.

ஒரு ஞாயிறு ஆராதனையில் தெலாவி எழுந்து நின்று, மகன் குரலைத் தனக்குக் கேட்கத் தந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். சபை முழுவதும் ஆமென் என்றது. லனுவோலாவும் சொன்னாள். தொண்டையில் முள் குத்தியது மாதிரி இருந்தது. ஆராதனை முடிந்ததும் போதகர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"என்னம்மா, முகமே சரியில்லையே?"

"தலைவலி, ஐயா" என்றாள்.

போதகர் அவள் தலைவலிக்காக ஜெபம் பண்ணி அனுப்பினார். அவள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் தன் மேலேயே வெறுப்பு வந்து, வழியோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் தெலாவி, "எப்ப வரானாம்?" என்று கேட்டார். வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நாக்கு சொன்னது: "கிறிஸ்துமஸுக்கு."

அதோடு தெலாவிக்கு வயசு குறைந்துவிட்டது. தாழை ஓலை வெட்டி ஊறப்போட்டார். மகன் தங்க வீட்டோடு சேர்த்து ஓர் அறை எழுப்பினார். பெண்கள் பாய் முடைந்து கொடுத்தார்கள், ஆண்கள் மரம் தூக்கினார்கள். ஒரு பன்றியைத் தனியாகக் கட்டி வளர்த்தார். லனுவோலா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் தூணாகவும் கூரையாகவும் நிற்பதைப் பார்த்தாள். பொய்க்குள் யாரோ குடிவரப்போவது போலிருந்தது. 

அவள் தங்கை சாய்னிதான் கேட்டாள். "அக்கா, உண்மையைச் சொல்லு. பைவா பேசினானா?"

"பேசினான்டி."

"எங்கிட்டயுமா?" என்றாள் சாய்னி. 

மறுநாள் விடியும் நேரம் லனுவோலா தீவின் அந்தப் பக்கம், பெருங்கடல் பார்க்கும் கரைக்குப் போனாள். அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன. அலை பாறைத் திட்டில் விழுகிற சத்தம் எங்கோ வேறு ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது. பவளக் கற்கள் முழங்காலில் குத்த அவள் மண்டியிட்டாள். வழக்கமான ஜெபம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆண்டவரே, இனிமே சொல்ல மாட்டேன்.

பாதியில் நின்றது. இதுவும் பொய்தானே என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷமும் ஆலயத்தில் சொன்னதெல்லாம், எதிரில் இருப்பவரின் முகம் மலரட்டும் என்று சொன்ன வார்த்தைகள்தான். தெலாவியிடம் பேசியது போலவே கடவுளிடமும் பேசியிருக்கிறாள்.

 பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பொய் சொல்லப் பிடிக்குது. விட மனசில்லை. விட்டா என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கன்னு பயமா இருக்கு. அவ்வளவுதான், ஆண்டவரே. இதான் உண்மை."

இடி விழும் என்று எதிர்பார்த்தவள் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஒன்றும் விழவில்லை. சாம்பலுக்குள் மெல்ல ஒரு ரோஜா நிறம் கலந்தது. கடல் அப்படியே இருந்தது. ஆனால், இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்பது போல யாரோ மிக அருகில் உட்கார்ந்திருப்பதாக அவள் உணர்ந்தாள். கோபமில்லாத அருகாமை. தன்னை முழுதாகத் தெரிந்தும் எழுந்து போகாத ஒருவர். அந்த உணர்வு அவளை உடைத்துவிட்டது. மணலில் நெற்றியை வைத்து அழுதாள். எழுந்தபோது புதுப் பலம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. பயம் மட்டும் குறைந்திருந்தது.

அங்கிருந்து நேராகத் தெலாவி வீட்டுக்குப் போனாள். அவர் ஏணிமேல் நின்று ஓலை கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, பைவா பேசலை."

"நேத்தா?"

"எப்பவுமே. நான் சொன்னதெல்லாம் பொய்."

அவர் கையில் இருந்த கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். அதன் பிறகுதான் திரும்பினார். "அந்த வெள்ளைக் கடல்?"

"நானாச் சொன்னது."

"காய்ச்சல்?"

"அதுவும்."

"என் பதநீர்?"

 அதுவும்தான் என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தெலாவி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவனுக்குக் காய்ச்சல்னு சொன்னப்ப ராப்பகலா ஜெபத்துல முழங்கால்ல நின்னேன்டி" என்றார். "போ. என் கண் முன்னால நிக்காதே."

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் மன்றத்தில் மூப்பர்கள் முன்னால் அவள் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அந்த இயந்திரத்தை இயக்க வேறு ஆள் இல்லாததால், சாய்னியும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று முடிவானது.

அந்தக் கிறிஸ்துமஸ் அவளுக்கு நீளமாக இருந்தது. கிணற்றடியில் பெண்கள் அவளைப் பார்த்ததும், "லனு, இது தண்ணிதானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்பார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள், "இன்னைக்கு மழை வருமா? நீ வராதுன்னு சொன்னா நாங்க போகலை" என்று சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. பாறையிடுக்கில் பிடித்த ஆக்டோபஸ் கை நீளம் இருந்தது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்து, அடுப்பு பற்றவைக்கும்போதுதான் உறைத்தது. தீயை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப ஓடினாள். "ஆக்டோபஸ் அவ்வளவு பெரிசு இல்லை. முழங்கைகூட வராது. பொய் சொல்லிட்டேன்."

"இதைச் சொல்லவா மூச்சிரைக்க ஓடி வந்தே?" என்று அந்த வீட்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போய் உலையைப் பாரு!"

இப்படி எத்தனையோ முறை. விழுந்த ஒவ்வொரு தடவையும் அவள் ஜெபம் சின்னதாக இருந்தது: "மறுபடி சொல்லிட்டேன், ஆண்டவரே. என்னை விட்டுடாதேயும்." அவர் விட்டுவிடவில்லை என்பதை, தனக்கு மறுபடி எழுந்து ஓடக் கால் வருவதை வைத்தே தெரிந்துகொண்டாள். வார்த்தை வாய் வரை வந்து, சொல்லாமலே கரைந்து போன நாட்களும் வரத் தொடங்கின. பல நாள் அதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

தெலாவி மட்டும் அவளோடு பேசவில்லை. மகனுக்காக எழுப்பிய அறை கூரையோடு, ஆளில்லாமல் நின்றது.

பதநீர் நன்றாக ஊறும் ஒரு காலத்தில், ஒரு பிற்பகல், சாய்னி துணி துவைக்கப் போயிருந்தாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஃபுனாஃபுட்டிக்காரர் கூப்பிட்டு, வெளிநாட்டு அழைப்பு என்று இணைத்தார். வெகுதூரத்திலிருந்து ஓர் ஆண் குரல்.

"நான் பைவா. தெலாவியோட மகன்."

லனுவோலாவுக்குக் கனவோ என்று தோன்றியது. "பைவா! இரு, அப்பாவைக் கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம், வேண்டாம். கூப்பிடாதீங்க. சொல்லிடுங்க, போதும். நான் இங்க கல்யாணம் பண்ணிக்கிட்டேன். ஒரு பொண்ணு பிறந்திருக்கா. இனிமே ஊருக்கு வர மாட்டேன். அப்பா எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

"நீயே அவர்கிட்ட..."

"என்னால முடியாது" என்றான். அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டது அவள் ஒருத்தி. பேத்தியைப் பற்றி மட்டும் சொல்லலாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் என்று சொல்லலாம். எவ்வளவு அழகான வார்த்தைகள், வரிசையாக வந்து நின்றன. இதற்குப் பெயர் இரக்கம்தானே என்று அவை கேட்டன. அவள் கையைக் கோத்துக்கொண்டு, "இது என்னால ஆகாது, நீர் கூட வாரும்" என்றாள். எழுந்து நடந்தாள்.

தெலாவி மரத்திலிருந்து இறங்கிச் சுரைக்குடுவையோடு நின்றார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

"பெரியப்பா, பைவா பேசினான். இப்பதான்."

"மறுபடியுமா?" என்றார். "உனக்கு வெட்கமே இல்லையா?"

அவள் கேட்டதை அப்படியே சொன்னாள். கல்யாணம். பெண் குழந்தை. வர மாட்டேன். காத்திருக்க வேண்டாம். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கூப்பிட வேண்டாம் என்று அவன் தடுத்ததையும் சொன்னாள்.

தெலாவி அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். தென்னை ஓலைகளின் நிழல் இருவர்மேலும் அசைந்துகொண்டிருந்தது.

"இது பொய்யா இருந்தா, நீ நல்லதாச் சொல்லியிருப்பே" என்றார்.

பிறகு குடுவையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் அழும்போது அவளும் எதிரில் மணலில் உட்கார்ந்திருந்தாள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "குரல் எப்படி இருந்துச்சு?"

"கரகரன்னு. தடிமன் பிடிச்ச மாதிரி."

"சின்ன வயசுலயே அவனுக்கு அடிக்கடி தடிமன் பிடிக்கும்" என்றார் தெலாவி. "உசுரோட இருக்கான்." அழுகைக்கு நடுவில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "பொண்ணுக்கு என்ன பேரு?"

"சொல்லலை, பெரியப்பா. நானும் கேட்காம விட்டுட்டேன்."

"சரி" என்றார்.

அந்த ஞாயிறு அவர் எழுந்து, பெயர் தெரியாத ஒரு குழந்தைக்காக ஜெபம் பண்ணினார். பின்வரிசையில் லனுவோலா ஆமென் என்றாள். தொண்டை வலிக்கவில்லை.

பிந்தைய வருஷங்களில் தெலாவிக்குக் கண் மங்கிவிட்டது. சாயங்காலங்களில் லனுவோலா அவரைக் கைபிடித்துக் காயல் கரைக்குக் கூட்டிவருவாள். மற்றவர்களும் கூப்பிடுவார்கள்தான், அவர் இவளோடுதான் வருவார்.

"என்ன தெரியுது, லனு?"

"தண்ணி. காத்தே இல்லை. ஒரு மேகம் இருக்கு, அதுவும் சின்னது."

"படகு?"

"ஒண்ணும் இல்லை, பெரியப்பா."

அவர் தலையசைத்துக்கொண்டு, அந்த மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார்.