மாஸ்டர் தேடிய துண்டு

ஜெபராஜ் மாஸ்டர் வாளியைக் கவிழ்த்தார், பையை உதறினார். வெள்ளைத் துண்டைக் காணோம். தோல்வியை ஒப்புக்கொண்டு அதை வீசினால்தான் ஆட்டத்தை நிறுத்துவார்கள். ரிங்கிலோ, அவரது சிஷ்யன், முன்னாள் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஸ்டீபன்ராஜ் கயிற்றில் சாய்ந்தபடி அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்டீபன் அண்ணே, உங்க ஊரு காட்டூர் பஸ் கிளம்புது, ஏறிடுங்க!" என்று யாரோ கத்த, மன்னார்புரம் மைதானமே சிரித்தது.

ஸ்டீபன்ராஜுக்கு இரண்டு வருடமாகத் தோல்விதான். ஒவ்வொரு முறையும் பயந்துபோய்த் துண்டை வீசியவர் மாஸ்டர். இன்றும் தோற்றால் அணியில் இடமில்லை.

"லிசி, துண்டைப் பார்த்தியாம்மா? உன் புருஷன் தாங்க மாட்டான்!"

"தெரியலங்க மாஸ்டர்," என்றாள் லிசி, நாற்காலியை விட்டு அசையாமல்.

எதிர்த்து ஆடிய மதுரைப் பையன் கடைசி அடிக்குக் கையை ஓங்கினான். அவன் விலாப்பக்கம் காப்பில்லாமல் திறந்தது. ஸ்டீபன்ராஜின் இடது கை அங்கே இறங்கியது. வலது கை தாடையில் வெடித்தது. நடுவர் எண்ணி முடித்தும் பையன் எழவில்லை. சிரித்த கூட்டம் விசிலடித்து ஆடியது.

மாஸ்டருக்குக் கண்ணீர் கொட்டியது. "துண்டு கிடைச்சிருந்தா நானே அவனைத் தோற்கடிச்சிருப்பேனே!"

லிசி மெல்ல எழுந்தாள். நாற்காலியில் நசுங்கிக் கிடந்தது வெள்ளைத் துண்டு.

"உங்க சிஷ்யன்தான் மாஸ்டர், என்னை இது மேல உக்காரச் சொன்னாரு."