கோழிப் பக்கம்

ஏழாவது ரவையும் மண்ணில்தான் போய் விழுந்தது. அறுபது கஜம் தள்ளி, வளை வாசலில் முளைக்குச்சி போல நிமிர்ந்து நின்ற தரை அணில் அசையக்கூட இல்லை. முன்னங்கால் இரண்டையும் வயிற்றின்மேல் சேர்த்துக்கொண்டு வெல்டாவையே பார்த்தது. பிறகு குனிந்து குதிரைமசால் கொழுந்தைக் கடிக்கத் தொடங்கியது.

வெல்டா பிக்கப் வண்டியின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் மணல் மூட்டையை வைத்து, மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்திருந்தாள். உட்கார அடுப்படி முக்காலி. ஏப்ரல் முதல் வாரம். ஸ்டீன்ஸ் மலையில் பனி பாதிக்கு மேல் அப்படியே கிடக்க, வயல் மட்டும் பச்சை பிடித்திருந்தது. பச்சை என்பதும் முழு உண்மை இல்லை. வேலியோரத்திலிருந்து உள்ளே வட்டவட்டமாகச் சொட்டை, ஒவ்வொரு சொட்டைக்கும் நடுவில் ஒரு வளை. மாசியோடு தூக்கம் கலைந்து வெளியே வந்த கூட்டம், மே மாதம் குட்டிகளோடு மூன்று மடங்காகிவிடும். அதற்குள் குறைக்காவிட்டால் ஜூன் அறுப்பில் இயந்திரத்துக்கு அகப்படுவது மண்மேடுதான். நாற்பது மாட்டுக்கும் குளிர்காலத் தீவனம் இந்த ஒரே வயலிலிருந்துதான் வர வேண்டும்.

இருபத்தொன்பது வசந்தமாக இது அவள் புருஷன் ஆர்லோவின் வேலை. அவனும் வெல்டாவின் அண்ணன் டெல்மரும் காலைச் சாப்பாடு முடிந்ததும் இங்கே வந்து உட்கார்ந்தால், பத்து மணிக்கு மேல்காற்று கிளம்பும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். ஆர்லோ சுட்டால் தப்பாது. பேச்சும் அப்படித்தான், ஒரு வாக்கியத்தில் டெல்மரைச் சிரிக்கவும் வைப்பான், வாயை மூடவும் வைப்பான்.

நவம்பரில் ஒரு காலை, சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். உயிர் பிழைத்தான். வலக்கை பாதிதான் திரும்பியது. வார்த்தைகள் எல்லாம் திரும்பின, ஆனால் இடம் மாறிப்போய் இருந்தன. உப்பு கேட்க நினைத்தால் சேணம் என்று வரும். பிப்ரவரியில் தேவாலயக் கூடத்துக் காலை விருந்தில், ஒரு பழைய சிநேகிதனின் மனைவியை 'டிராக்டர்' என்று கூப்பிட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள்கூட அன்பாகத்தான் சிரித்தாள். அன்றிலிருந்து ஆர்லோ வாயைத் திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்த பெண் கொடுத்த படச் சீட்டுக் கட்டை அடுப்பில் போட்டான். நாள் முழுக்க சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில். கேட்டதற்குத் தலை மட்டும் அசையும்.

டெல்மர் போன வாரம் வந்து, வெல்டாவை வாசலுக்கு வெளியே கூப்பிட்டு, பக்குவமாகத்தான் சொன்னான். வயலைக் குத்தகைக்கு எடுக்க ஓர் ஆள் தயார். நீங்கள் இரண்டு பேரும் பாய்சி நகரத்தில் மகளோடு போய் இருக்கலாம், அங்கே ஆஸ்பத்திரியும் பக்கம். சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன், பதில் சொல் என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வெல்டாவைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் பாத்திரம் கழுவும்போதே, ஏன் என்று யோசிக்காமல், அலமாரியிலிருந்து அந்தச் சின்ன ரவைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆர்லோவிடம் கேட்கவில்லை. அவள் அதுவரை கோழியைத் தவிர எதையும் கொன்றதில்லை.

எட்டாவது ரவை. மண். ஒன்பதாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கிக் குழாய்க்குள் பார்த்தால் அணில் அவ்வளவு பக்கத்தில், மீசை மயிர் தெரிகிற அளவுக்கு நிற்கிறது; விசையை இழுத்தால் அது இல்லாத இடத்தில் புழுதி கிளம்புகிறது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஆர்லோ. ஏழு வாரமாக வீட்டை விட்டு வெளியே வராதவன், இருநூறு கஜம் ஈர மண்ணில், கழுத்தில் பைனாகுலரோடு, வலது காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தான். மேல்சட்டைப் பொத்தான் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தது. வெல்டா உடனே போல்ட்டைத் திறந்து துப்பாக்கியைக் காலியாக்கி வைத்தாள். ஓடிப் போய்ப் பிடிக்கலாமா என்று கால் துடித்தது. போகவில்லை.

வந்தவன் பின்பலகையில் ஒருக்களித்துச் சாய்ந்து மூச்சு வாங்கினான். வயலைக் காட்டினான். வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது.

"ஏணி," என்றான்.

முகம் சிவந்துபோயிற்று. தலையை உதறினான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். ஆனால் அவன் இடக்கையை உயர்த்தி, விரலை மேல்நோக்கிக் காட்டி, கோபத்தோடு மறுபடியும் சொன்னான். "ஏணி. ஏணி."

"இன்னும் மேல வச்சு சுடணுமா?"

தலையசைத்தான். அவள் ரவை போட்டு, அணிலின் தலைக்குச் சற்று மேலே குறி வைத்தாள். இந்த முறை புழுதி வளைக்கு வலப்பக்கம் கிளம்பியது. உயரம் சரி. அணில் இரண்டு எட்டு ஓடி நின்றது.

"கோழி," என்றான் ஆர்லோ.

வெல்டா துப்பாக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல் யோசித்தாள். ரவை வலப்பக்கம் போனது. அப்படியானால்… "கோழிப் பக்கம்னா இடதுபக்கமா?"

"ம்."

"எவ்வளவு கோழி?"

ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறானோ என்று ஒரு கணம் பதறிவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தான், சத்தமில்லாமல், வாய் ஒரு பக்கமாகக் கோணி, கண்ணில் நீர் வர. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஓர் அங்குலத்துக்குப் பிரித்துக் காட்டினான். "அரைக் கோழி."

அரைக் கோழி இடப்பக்கம், ஓர் ஏணி மேலே. விசையை இழுத்தாள். அணில் நின்ற இடத்திலேயே சுருண்டது. வெல்டா துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆர்லோவின் இடக்கை அவள் தோளில் வந்து அமர்ந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்கும். முதல் தடவை அவனுக்கும் அப்படி இருந்திருக்கும். அவன் இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மணி போனது தெரியவில்லை. பதினான்கு அணில் விழுந்தது. தப்பியது அதைவிட இரு மடங்கு. ஆர்லோ பேசிக்கொண்டே இருந்தான். பாதி வார்த்தை தப்பாக வந்தது, சில சரியாகவும் வந்தன. எது எது என்று இருவருமே கணக்கு வைக்கவில்லை. செத்ததைத் தூக்கிப்போக அண்டங்காக்கைகள் வேலிக்கம்பங்களில் வந்து காத்திருந்தன. "காத்து," என்று அவன் சொன்னபோது உண்மையிலேயே காற்றுதான் கிளம்பியிருந்தது.

டெல்மரின் வண்டி வந்து நின்றபோது வெயில் உச்சியில் இருந்தது. இறங்கியவன் தங்கையையும், அவள் பக்கத்தில் நின்றிருந்த ஆர்லோவையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம்.

"என்ன மச்சான், என் தங்கச்சிய வேலைக்கு வச்சுட்டு நீ மேஸ்திரி ஆயிட்டியா?"

ஆர்லோ தடியை ஊன்றி நிமிர்ந்தான். வார்த்தையைத் தேடுவது கழுத்து நரம்பில் தெரிந்தது. வெல்டா உதவிக்கு வாயைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம வா," என்றான் ஆர்லோ. "அறுக்கணும்."

நாளைக்கே ஞாயிறு, அறுக்க அங்கே எதுவும் இல்லை. கொழுந்து விரல் உயரம்தான். ஜூன் என்றுதான் அவன் சொல்ல நினைத்தான். டெல்மருக்கும் அது புரிந்தது. குத்தகைக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அவன் வாய்வரை வந்து நின்றது தெரிந்தது. வெல்டாவைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழமதான் அண்ணா," என்றாள் அவள். "தீவனக் கட்டு கட்ட நீயும் வந்துடு."

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். இன்னும் யோசித்துப் பேசலாம், மாதம் முடியும்வரை அந்த ஆள் காத்திருப்பான் என்று மெதுவாகச் சொன்னான். வெல்டா மணல் மூட்டையைத் தட்டிச் சமன் செய்தாள். பிறகு அவனே போய்த் தன் வண்டியிலிருந்து தண்ணீர்க் குடுவையைக் கொண்டுவந்தான்.

ஆர்லோ முக்காலியைக் காட்டினான். வெல்டா எழுந்தாள். அவன் உட்கார்ந்து, துப்பாக்கியைப் பழக்கமில்லாத இடது தோளில் பொருத்தி, சவரம் செய்யாத இடது கன்னத்தைக் கட்டையில் பதித்தான். வலக்கை மூட்டையின்மேல் சும்மா கிடந்தது. வெல்டா குனிந்து ரவையைப் போட்டு, அவனுக்காகப் போல்ட்டைத் தள்ளிப் பூட்டினாள். அதற்குள் ஒரு பருந்தின் நிழல் வயலைக் கடந்து போக, அத்தனை அணிலும் விசிலடித்துக்கொண்டு வளைக்குள் மறைந்தன. பருந்து மலைப் பக்கம் திரும்பிற்று. மூவரும் காத்திருந்தார்கள். நெடுநேரம் கழித்து, தூரத்து மண்மேட்டின் விளிம்பில், ஒரு தலை மெல்ல மேலே வந்தது.