பூசணிக்குக் கடைசி ஸ்டாப்

கத்தரிக்காயை இன்ச் டேப் வைத்து அளக்கிற ஆளை அந்தக் காய்கறிக்கடைக்காரி அதுவரை பார்த்ததில்லை.

"அண்ணே, நீங்க காய் வாங்க வந்தீங்களா, அதுக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?" என்றாள்.

டைல்ஸ்காரர் அடுத்த கத்தரிக்காயை எடுத்து அளந்தார். வேலை நேரத்தில் அவர் பேசுவதில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற மனிதர். புதிதாக ஒரு பெட்டி வந்தால் நாலு டைல்ஸை உருவி வெளிச்சத்தில் சாய்த்து, நிறம் ஒத்துப்போகிறதா, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சிமெண்ட்டைக் குழைப்பார். அதே கண்ணோடு இப்போது குடைமிளகாய்க் கூடைக்கு முன்னால் குந்தியிருந்தார். எல்லாம் ஒரே உயரம், ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் லேசாகப் பச்சை அடித்தது. "இது வேற லாட்டு" என்று திருப்பி வைத்தார். மஞ்சள் பூசணியை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒட்டிய டைல்ஸுக்கு அடியில் காற்று தங்கினால் சத்தம் டொக் டொக்கென்று காலியாக வரும். பூசணிக்குள்ளும் அப்படித்தான் வந்தது. முகத்தைச் சுளித்தார். பூசணி என்றால் உள்ளே காலியாகத்தான் இருக்கும் என்பதைக் கடைக்காரி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"இத்தனையும் வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"சுடப் போறேன். கரி அடுப்புல."

"காயவா?"

"ஏன், சுட்டா காய் கோவிச்சுக்குமா?"

"காய் ஏன்ணே கோவிக்குது? கறி கிடைக்கும்னு வந்து உக்காந்தவங்கதான் கோவிச்சுக்குவாங்க."

நம் வீட்டு விஷயம் இந்தம்மா வரைக்கும் வந்துவிட்டதா என்று ஒரு நொடி திகைத்துப் போனார்.

ஏனென்றால் வீட்டில் மாமனார் கோபித்துக்கொண்டு ஆறு வாரம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இன்ஜின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. சும்மா "தண்ணி குடு" என்றாலே அடுத்த தெருவில் யாராவது சொம்பைத் தூக்குவார்கள். கோடை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மொட்டைமாடி அவர் ராஜ்யம். சமையலறையில் அடுப்பு மூட்டினால் வீடே வெந்துவிடும் என்பதால் மாடியில் செங்கல் அடுக்கி, மேலே கம்பி வலை போட்டு, கரி மூட்டி இறைச்சி சுடுவார். இடுக்கியை வேறு யாரும் தொடக்கூடாது. டைல்ஸ்காரருக்கு அங்கே இருந்த ஒரே வேலை சாப்பிடுவது. அதைக் குறை சொல்ல முடியாதபடி செய்துவந்தார்.

அந்த ராஜ்யத்தைக் கவிழ்த்தது அவர் பெற்ற மகள், டைல்ஸ்காரரின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாள் அப்பாவையும் அழைத்துப் போய், தன் கையாலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். கொழுப்பு எண் வந்ததும் மெஷின் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பைச் சொன்னாள். இனிமேல் இந்த வீட்டில் கறி கிடையாது, வறுவல் கிடையாது.

"பெத்த அப்பன் ரத்தத்தையே உறிஞ்சி எடுத்து, அப்பன் மேலயே கேஸ் போட்டுட்டா" என்று மாமனார் சொன்னார். அவர் மகளிடம் நேராகப் பேசிய கடைசி நாள் அதுதான். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். வேகவைத்த காயும் கஞ்சியுமாக எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு. பேத்தி டிவி முன்னால், மகள் அடுப்படியில் நின்றபடி, டைல்ஸ்காரர் மட்டும் மேஜையில் தனியாக. எதிரே மூன்று காலி நாற்காலிகள். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி, "நம்ம வீடு லாட்ஜ் மாதிரி ஆயிடுச்சுங்க. அவரு வெளியில எங்கயோ போய்க் கறி திங்கிறாரோன்னு வேற பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் தெரியாது என்று நினைக்கிற ரகம்.

"ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன். மாடியில காய் சுடுவோம். எண்ணெயும் இல்ல, கொழுப்பும் இல்ல. வாசனைக்கு மாமா தானா மேல வருவாரு."

"நீங்களா? வெந்நீர் போடச் சொன்னாலே அடுப்பு எந்தப் பக்கம்னு கேப்பீங்களே!"

கேட்கிறவர்தான். ஆனால் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் ஒழுங்காகச் செய்கிறவர். ஞாயிறு மதியமே சமையலறை மேஜையில் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்காய், பூசணி, குடைமிளகாய், வெங்காயம், தக்காளி, காளான் எல்லாவற்றுக்கும் ஒரே கனம், பன்னிரண்டு மில்லிமீட்டர். கனம் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்து இறங்கும் என்பது அவர் கணக்கு. பத்து வயது மகள் அவருடைய வேலைப்பையைக் குடைந்து, டைல்ஸுக்கு இடையில் வைக்கிற பிளாஸ்டிக் கூட்டல்குறிகளை ஒரு கைப்பிடி கொண்டு வந்தாள்.

"அப்பா, இதை நடுவுல வெக்க வேணாமா?"

"உருகிடும்டி" என்றார். யோசிக்காமல் சொல்லவில்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

மாலையில் மாடிக்குப் போய்க் கரி மூட்டினார். கம்பி வலையின் நடுவில் சிவப்புக் குடைமிளகாயால் ஒரு பூ. சுற்றிலும் பூசணிச் சதுரங்கள், அதைச் சுற்றிக் கத்தரி வட்டங்கள், நாலு மூலையிலும் முக்கோணமாக நறுக்கிய வெங்காயம், ஓரத்தில் தக்காளியும் காளானும் மாறி மாறி. துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் இரண்டு மில்லிக்கு மேல் சந்து இல்லை. கம்பி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கண்ணைப் பறித்தது. உப்பும் மிளகுத்தூளும் எடுத்துக்கொண்டு மேலே வந்த மனைவி, ஆறு வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது சாப்பிடறதுக்கா, மிதிக்கறதுக்கா?"

ஐந்து நிமிடம் எல்லாம் அழகாகவே இருந்தது. பிறகு தக்காளி உடைந்து கரியில் ஊற்றியது. கரி சீறியது. மேலே போக வழியில்லாத புகை செங்கல் சந்துகளில் நாலு பக்கமும் பீறிட்டு வந்தது. காளான்கள் சட்டைப் பொத்தானாகச் சுருங்கி ஒவ்வொன்றாகக் கம்பி வழியே உள்ளே குதித்தன. குடைமிளகாய்ப் பூ கருகியது. கத்தரிக்காய் கம்பியை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. பூசணி மட்டும் எதுவுமே நடக்காதது போல் கல்லாக உட்கார்ந்திருந்தது. டைல்ஸ்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு விசிறினார். விசிற விசிற மொட்டைமாடியே காணாமல் போனது.

"யாரு உள்ள இருக்கீங்க? எல்லாரும் எறங்குங்க!"

படிக்கட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து மாமனார் பனியனோடு, கையில் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்திருந்தார். புகை விலகியதும் அடுப்பைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? அடுப்புல பாத்ரூம் கட்டி வெச்சிருக்கீங்க!"

"எல்லாம் ஒரே கனம் மாமா. பன்னெண்டு மில்லி. ஒரே நேரத்துல வெந்துரும்னு…"

"நீங்களும் நானும் ஒரே எடைதான். ஒரே மாதிரியா வேகறோம்? பஸ்ஸுல ஏறினவன் எல்லாம் ஒரே ஸ்டாப்புலயா எறங்கறான்? தக்காளி ரெண்டாவது ஸ்டாப்புல எறங்கறவன். பூசணி கடைசி ஸ்டாப். அவனைத்தான் மொதல்ல ஏத்தணும், ஜன்னலோரமா உக்கார வெச்சுட்டு மறந்துரணும். இப்படி நெருக்கி அடைச்சா யாருக்குய்யா மூச்சு வரும்? தள்ளுங்க."

இடுக்கி கை மாறியது. மாமனார் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கினார். இந்தப் பக்கம் நல்ல தணல், அந்தப் பக்கம் வெறும் சூடு. கருகியதை எடுத்துப் போட்டார். பூசணியைச் சூட்டுப் பக்கம் நகர்த்தினார். பிறகு மூன்றடி தள்ளி நின்ற மகளைப் பார்க்காமல் மாப்பிள்ளையிடம் சொன்னார்:

"மீதிக் காய் இருக்கான்னு கேளுங்க."

"இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மகள், அவளும் புருஷனைப் பார்த்து.

"கத்தரிக்காயை வெட்ட வேணாம், முழுசாவே வெக்கலாம்னு சொல்லுங்க."

"முழுசா வெச்சா வெடிக்கும்னு சொல்லுங்க."

"அப்போ நாலு குத்து குத்தி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஊசி குத்தத் தெரியாதவளா அவ?"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே போனாள்.

"தாத்தா, அம்மா இங்கதானே நின்னாங்க. நேரா சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் பேத்தி.

"டிரைவர் எங்கயாவது பாசஞ்சர்கிட்டப் பேசுவானா? நடுவுல கண்டக்டர் வேணும்ல?"

கண்டக்டருக்கு அன்று நல்ல வேலை. மேலும் கீழுமாக ஓடினார். சோளம் ஏன் வாங்கவில்லை என்ற விசாரணைக்கு, அது உருண்டையாக இருந்ததால் சமமாகப் படுக்காது என்று விட்டுவிட்டதாக வாக்குமூலம் கொடுத்தார். மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மாமனாரின் கண்கள் காயிலேயே இருந்தன. கத்தரிக்காயின் தோல் கறுத்து, உடம்பு தளர்ந்து, காம்பைப் பிடித்துத் தூக்கினால் சதை துவண்டு தொங்கியபோது, "ஹோய், எறங்கு எறங்கு!" என்றார். குடைமிளகாயைப் பாதியாகப் பிளந்து தோல் கீழே இருக்கும்படி தணலில் கவிழ்த்தார். இறைச்சிக்குக் காட்டிய மரியாதையை ஒரு மிளகாய்க்கும் காட்டுகிற மனிதரை மகள் அன்றுதான் பார்த்தாள். தெருவிளக்கு இன்னும் எரியாத வேளை. வெயில் இறங்கியிருந்தது. தரைச் சூடு மட்டும் இன்னும் பாதத்தில் இருந்தது.

எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் மாமனார். தட்டு மடியில். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் குடுக்கச் சொல்…" என்று ஆரம்பித்தவர், மாப்பிள்ளையின் வாய் நிறையப் பூசணி இருப்பதைப் பார்த்தார். பூசணி கடைசி ஸ்டாப்பில் இறங்கி இனித்துக்கொண்டிருந்தது. கண்டக்டரால் பேச முடியாது.

"உப்பு குடும்மா" என்றார்.

"கொஞ்சம்தான்" என்றாள் அவள், உப்பை நேராக அவர் கையிலேயே கொடுத்து.

டைல்ஸ்காரர் அவசரமாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஈரம் காயாத டைல்ஸை யாராவது மிதிப்பார்களா?

அப்பாவின் தட்டில் மகள் இன்னொரு பூசணித் துண்டை வைத்தாள். பிறகு அவள்தான் பேசினாள். "அப்பா, டாக்டர் அன்னிக்கு மாசத்துக்கு ஒரு தடவை சாப்பிடலாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஒரேயடியா…"

"தெரியும். நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? இன்ஜின் பக்கத்துலயே இருந்தாலும் காது இன்னும் போகல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? நீங்க வெளியில போய்த் திங்கிறீங்களோன்னு நான்…"

"ஒரு துண்டு தொடல." அவர் இடுக்கியால் கரியைக் கிளறினார். "நீ அழுதுகிட்டே சொன்னே. அழுதுகிட்டு சொல்றவகிட்ட என்னத்தப் பேசுறது? சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். ஆனா கோவம் வந்துச்சு. வரக்கூடாதா? மொட்டைமாடியைப் புடுங்கிட்டியே."

"எனக்குப் பயமா இருந்துச்சுப்பா."

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்" என்றார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அடுத்த மாதம் கறி உண்டா, எத்தனை துண்டு என்று யாரும் கேட்கவில்லை. பேத்தி கத்தரிக்காய்ச் சதையை விரலால் வழித்து நக்கினாள். காலித் தட்டுகளை அடுக்கிய பிறகு, சாம்பலை ஒதுக்கலாம் என்று அவள் அம்மா குச்சியால் கிளறியபோது, கரிக்கட்டை போல் ஏதோ ஒன்று உருண்டு வந்தது. மீதிக் காயை வைத்தபோது அடுப்போரமாக உருண்டு கரிக்குள் விழுந்துபோன ஒரு முழு வெங்காயம். தூக்கிப் போடப் போனவளை மாமனார் தடுத்தார். கறுத்த மேல்தோலை அவர் நசுக்கி எடுக்க, உள்ளே கண்ணாடி போல் மினுமினுத்தது. ஒரு அடுக்கை உரித்து அவளிடம் கொடுத்தார். அடுத்ததை அவள் உரித்து அவரிடம் கொடுத்தாள். சூடு பொறுக்காமல் இருவரும் ஊதி ஊதித் தின்றார்கள். அடுக்கு அடுக்காகக் குறைந்து, கடைசியில் அவள் உள்ளங்கையில் சுண்டுவிரல் நுனியளவு வெள்ளைக் குருத்து ஒன்று மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அந்தக் கையை அவள் பக்கமே தள்ளினார். அவள் மறுபடி நீட்டினாள்.