சபைக்குள் சொன்னது

என் கணவர் தமிழ்மணி, ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். கேஸ் குழாய் கசிகிறது என்று மேஸ்திரியிடம் பலமுறை சொன்னார். அந்தக் குழாய் வெடித்துத்தான் இறந்தார்.

சூளைப் பக்கம் பிளாஸ்டிக் பாட்டில் வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் காலி பிராந்தி பாட்டிலைக் கழுவி, மோர் ஊற்றி எடுத்துப் போவார்கள். அன்று காலை அவருக்கு நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். உடலுக்குப் பக்கத்தில் கிடந்த அந்தப் பாட்டிலை யாரோ படம் எடுத்துப் பரப்பிவிட்டார்கள்.

கோவிந்தசாமி வேறு தொகுதி எம்.எல்.ஏ.; கம்பெனி முதலாளிக்குச் சம்பந்தி. சட்டசபையில் எழுந்து, "தமிழ்மணி என்ற தொழிலாளி குடித்துவிட்டுச் சூளையைத் தொட்டதே விபத்துக்குக் காரணம்" என்றார். டிவியில் பார்த்தேன். பிரேதப் பரிசோதனையில் மது இல்லை என்றே வந்திருந்தது.

விருத்தாசலம் கோர்ட்டில் வக்கீல் மதிவதனியைப் பார்த்தேன்.

"சபைக்குள்ள பேசுனதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் போட முடியாதுக்கா. சட்டமே அவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு குடுத்திருக்குது. வெளிய வந்து அதையே சொன்னா வுடமாட்டேன்."

"அப்ப சொல்ல வெக்கிறேன்."

"அவரு உங்கள வுட வெவரம்க்கா."

பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கோவிந்தசாமி வந்திருந்தார். நானும் என் நாத்தனார் பாஞ்சாலையும் போனோம். அவர் வாழ்த்திப் பேசி முடித்ததும் மேடைக்கு முன்னால் போய் நின்றேன். பாஞ்சாலை செல்போனில் படம் பிடித்தாள்.

"ஐயா, சபையில எங்க வூட்டுக்காரரப் பத்திச் சொன்னீங்களே, அத இங்க ஒரு தபா சொல்லுங்க."

"யாருடா இந்தம்மாவ உள்ள வுட்டது?" என்றது ஒரு குரல்.

அவர் செல்போனைப் பார்த்தார். மைக்கை மறுபடியும் வாங்கினார். "தமிழ்மணி தங்கமான மனுசன். அந்தக் குடும்பத்துக்கு நான் இருக்கேன், தங்கச்சி."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதையே உள்ள சொல்லுங்கய்யா. அங்க சொன்னதுதான சபைக் குறிப்புல அச்சாகி நிக்குது."

"உள்ள நடந்தத வெளிய பேசக் கூடாதும்மா." கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

பஸ்ஸில் பாஞ்சாலை கேட்டாள்: "நல்ல வார்த்த சொன்னான்னு கேஸ் போட முடியாதா அண்ணி?"

சிரித்தேன். நாங்கள் இறங்கும் பூதாமூர் வருவதற்குள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

விசாரணைக்கு எடுத்துப் போன பாட்டிலைப் போலீஸார் திருப்பிக் கொடுத்தார்கள். அடியில் மோர் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இன்னும் நான் அதைக் கழுவவில்லை.