நான் சொல்லாத குடும்பப் பெயர்

காலையிலிருந்து என் வீட்டுக்காரர் கொட்டகையை விட்டு வரவில்லை. உடையாத வேலியையெல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இன்று மத்தியானம் அவருடைய தாத்தாவுக்கு நினைவுக்கல் நடுகிறார்கள். அந்த வழியில் வந்த பேரன்களின் பெயர்களையும் அதில் வெட்டியாகிவிட்டது. ஊரே கூடிச் சாப்பிடப்போகிறது. இந்த மனிதர் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

எல்லாம் அவரே தேடிக்கொண்டது. தாத்தாவின் பெயர்தான் எங்கள் குடும்பப் பெயர். அவருக்கு மேலே ஏழு தலைமுறை இவருக்கு மனப்பாடம். அது போதாதாம். அதற்கும் மேலே வேர் எங்கே போகிறது என்று டி.என்.ஏ. சோதனையில் தெரியுமாம். தன் பெரியப்பா மகனையும் பிடித்து உட்காரவைத்து, இருவர் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அல்மாத்தி நகரத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தது. பெரியப்பா மகன் இந்தக் குலத்தோடு அச்சாகப் பொருந்துகிறார். இவர் கொஞ்சமும் ஒட்டவில்லை.

"பஞ்ச காலத்துல எங்கப்பாவை எங்கேயிருந்தோ தூக்கிட்டு வந்து வளர்த்திருக்காங்க. அந்தக் கல்லுல என் பேர் இருக்கக் கூடாது. தேய்ச்சு எடுத்துடணும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குலத்து ஆண்கள் ஒருவர் பெயரையும் நான் வாயால் சொன்னதில்லை. கஜாக் மருமகள்கள் சொல்லமாட்டோம். நாங்களாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவோம். தபால் ஆபீசில் குடும்பப் பெயரைக் கேட்டால் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு ஊமை மாதிரி நிற்பேன். புதிதாக வந்த பெண் எனக்குக் காது கேட்காதென்று நினைத்துக் கத்தினாள். இத்தனையும் யாருக்காகச் செய்தேனாம்?

பெரியப்பா மகனுக்கு நான் வைத்த பெயர் வெள்ளைக்குதிரைக்காரர். நான் மணப்பெண்ணாக வந்து இறங்கிய அன்று அப்படி ஒரு குதிரைமேல் கம்பீரமாக இருந்தார். அந்தக் குளிர்காலத்திலேயே குதிரை செத்துப்போனது. அவரும் வழுக்கை விழுந்து, தொப்பை போட்டு, இப்போது ஒரு பழைய ஜீப்பில் திரிகிறார். நான் வைத்த பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஜீப் வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்தவர் சட்டமாக உட்கார்ந்து, "எங்க அந்தக் கிறுக்கன்?" என்று சத்தம் போட்டார். நான் பாலூற்றிய டீயை வைத்தேன். என் வீட்டுக்காரர் வந்தார். ஆனால் தன் வழக்கமான இடத்தில் உட்காராமல் யாரோ விருந்தாளி போலக் கதவோரம் நின்றார்.

"அண்ணே, நான் உங்க ரத்தம் இல்ல."

"உன் ரத்தத்தை யாருடா கேட்டா? கல்லைத் தூக்க ஆள் வேணும். கிளம்பு."

"விளையாடாதீங்கண்ணே. நான் வரல."

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா. இவன் எங்க ஆளு இல்லன்னா, நீயும் எங்க வீட்டு மருமக இல்ல. அப்புறம் உனக்கென்ன தடை? என் பேரைச் சொல்லு, கேப்போம்."

என் வீட்டுக்காரரும் என்னையே பார்த்தார். "சொல்லிடு, குல்சிபத்" என்றார்.

இருந்த கோபத்தில் சொல்லியே விடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சின்னப் பெயர், தெருவில் போகிற குழந்தைகூடச் சொல்லும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முகமெல்லாம் சூடேறியது. இந்த வயதில் புதுப்பெண் மாதிரி தலைத்துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வெள்ளைக்குதிரைக்காரரே, டீ ஆறுது. குடிங்க."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "போதுமாடா?" என்று தம்பியைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அழுமூஞ்சி. எனக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. பிறகு கைகழுவப் போனார். வெளியே ஜீப் உறுமத் தொடங்கியது.

"என் நல்ல தொப்பி எங்க?" என்று உள்ளிருந்து கத்தினார்.

காலையிலேயே தூசி தட்டி வைத்திருந்த தொப்பி என் கையில்தான் இருந்தது.