என் பெயர் வைக்கவிருந்த செடி

1986இல் எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, ஹூஸ்டனில் எங்கள் அலுவலகத்தில் ஒரு தளம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். அதன் பிறகு வீட்டில் சம்பளம் வாங்கியது என் மனைவி ஜெயலீலா மட்டும்தான். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. கோடை முடிந்தால் அதுவும் முடிந்துவிடும்.

மேற்கு டெக்சஸ் பாலைவனத்தில், ஒரு பாசனக் கால்வாயின் ஓரத்தில் அவள் ஒரு செடியைக் கண்டெடுத்திருந்தாள். கீரை வகைதான். சிவந்து காய்ந்த தண்டு, பேருக்கு நாலு இலை, உச்சியில் சொரசொரவென்று ஒரு பூக்கதிர். அமெரிக்காவில் பதிவான எந்தக் கீரை இனத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. அலமாரி அலமாரியாக எடுத்து ஒப்பிட்டாள். கடுகளவு பூவை ஊசியால் பிரித்து லென்ஸில் பார்க்கும்போது மூச்சு விடுவதையே நிறுத்திவிடுவாள். வேலையில்லாத நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். இவள் என் பெண்டாட்டி என்று எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

பேராசிரியரும் பார்த்துவிட்டு, புது இனம்தான் என்றார். பெயர் சூட்டிக் கட்டுரையை வெளியிட்டுவிட்டால் அவளுக்கு நிரந்தர வேலை வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றும் சொன்னார்.

"என்ன பேரு வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"ஏசுராஜ்னுதான். பாலைவனத்துல கூட விடாம ஒட்டிக்கிட்டு நிக்குது. உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்ல?"

கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் கட்டுரையில் நிஜமாகவே என் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி எழுதியிருந்தாள். எங்கு விண்ணப்பித்தாலும் பதில் வராத நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் நன்றாக விதை முற்றிய செடி ஒன்று வேண்டும் என்றாள். நான் கார் ஓட்ட, மறுபடியும் அந்தப் பாலைவன ஊருக்குப் போனோம். அந்தக் காலத்தில் எந்த ஊர் மோட்டலில் இறங்கினாலும் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டித் தமிழ்ப் பெயரைத் தேடுவது எங்கள் வழக்கம். அகப்பட்டால் முன்பின் தெரியாத வீட்டுக்குக் கூசாமல் போன் பண்ணுவோம். அந்த ஊரில் ஒரே ஒருவர் அகப்பட்டார், டாக்டர் ஞானசீலன். அவர் மனைவி அமலி எங்கள் பேரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல், "நாளைக்கு சண்டேதானே, லஞ்சுக்கு வந்துடுங்க" என்றார்.

போனோம். டாக்டரை ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். கீரை கிள்ள வேண்டும் என்று அமலி எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். வெயில் கொளுத்தும் மண்ணில் பச்சைப்பசேலென்று ஒரு பாத்தி அரைக்கீரை. பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. லீலா பாத்தியைப் பார்க்கவே இல்லை. வேலியோரம் தனியாக நின்ற ஒரு செடியின் முன் மண்டியிட்டிருந்தாள். சிவந்த தண்டு, சொரசொரப்பான கதிர்.

"அக்கா, இது என்ன?"

"அதுவா? அதே அரைக்கீரைதான், விதைக்கு விட்டிருக்கேன். நாகர்கோவில்லருந்து ஃபிலிம் டப்பால போட்டு எடுத்துட்டு வந்தது. கஸ்டம்ஸ்ல எவன் திறந்து பாக்கப் போறான்? காய்ஞ்சதை எல்லாம் பின்னாடி கால்வாய்ல கொட்டிடுவேன்."

லீலா கழுத்தில் தொங்கிய லென்ஸை எடுத்தாள். பூவைப் பிரித்தாள், காயை நசுக்கினாள், விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கால்வாய் ஓரத்தில் கண்டெடுத்த அதே செடிதான். அரைக்கீரையை நாம் கிள்ளுகிறோம், துளிர்க்கிறது, மறுபடி கிள்ளுகிறோம். பூக்க விட்டால்தானே பார்ப்பதற்கு? அது தின்றே வளர்ந்த எங்கள் இருவருக்கும் அதன் பூ தெரியாது. ஹெர்பேரியத்திலோ பூவை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். அங்கே ஆசியச் செடிகளின் அலமாரியைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் காதருகே குனிந்தேன். "லீலா, பேசாம இரு. அமெரிக்காக்காரனுக்கு அரைக்கீரையைப் பத்தி என்ன தெரியும்? உன் வேலையே இதுலதாம்மா இருக்கு."

"நான் பாத்துட்டேனேங்க," என்றாள். "பாத்தப்புறம் பாக்காத மாதிரி எப்படி எழுதறது?"

அமலிக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கோம்மா. ஏதாவது பிரச்சினை வருமா?"

"உங்க பேரு எங்கயும் வராதுக்கா. தோட்டத்துலருந்து தப்பி வந்த செடின்னு எழுதுவோம், அவ்வளவுதான். ஆனா பக்கத்துல பருத்தி வயல் இருக்கு, அதுக்குள்ள களையாப் பரவிடும். கால்வாய் ஓரத்துல இருக்கறதை எல்லாம் இன்னைக்கே பிடுங்கிடணும். நானும் வரேன்."

பிறகு அமலியின் சமையலறையிலிருந்தே பேராசிரியர் வீட்டுக்கு போன் பண்ணினாள். புது இனம் இல்லை, ஆசியாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய களை, தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல, இவள் "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க, இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேன் என்றுதான் இருந்தது.

அமலி சுடச்சுடச் சாதம் போட்டு, மேலே கீரை மசியலை ஊற்றினார். லீலா பிசைந்தாள். முதல் வாயை மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ருசியாத்தான் இருக்கீங்க," என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.