தேறிவரும் கை

ஜவஹர் அலியின் தாளில் நாற்பது என்று எழுதியிருந்தது. செல்லக்கண்ணு அதை இரண்டு தடவை படித்தான். மருத்துவக் குழு கூடியிருந்த அறைக்கு வெளியே, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். வலது கை, நிரந்தரச் செயலிழப்பு, நாற்பது சதவீதம், இனி முன்னேற்றத்துக்கு வாய்ப்பில்லை. கீழே மூன்று டாக்டர்களின் கையெழுத்தும் வட்ட முத்திரையும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம் என்று லேபர் ஆபீஸ் கிளார்க் முன்பே சொல்லியிருந்தார். காயம் ஆறிக்கொண்டிருக்கும்வரை இழப்பீட்டை முடிவு செய்ய மாட்டார்கள். இதற்கு மேல் தேறாது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் போனது எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

“ஒனக்கு என்ன போட்ருக்கு மாப்ள?”

செல்லக்கண்ணு தன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். “ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க.”

“ஏனாம்?”

“எனக்கு நல்லாயிட்டு வருதாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் ஜவஹர் அலி. மனதாரத்தான் சொன்னான். அதுதான் செல்லக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது.

இருவரும் ஒரே டைல்ஸ் கம்பெனி, ஒரே ஷிப்ட், ஒரே மெஷின். பதினோரு மாதத்துக்கு முன்னால் பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் முதலில் சிக்கியது ஜவஹர் அலியின் கை. நாலு எட்டில் மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டன் இருந்தது. செல்லக்கண்ணு பட்டனுக்குப் போகவில்லை. அவனை இழுக்கத் தன் கையை விட்டான். பட்டனை யார் அமுக்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். அப்போது ஜவஹர் அலி அழுதுகொண்டே, “என்னால ஒன் கையும் போச்சே மாப்ள” என்றான். போகவில்லை. ஜவஹர் அலியுடையதுதான் போனது. நரம்பு அறுந்துவிட்டது என்று முதல் மாதமே சொல்லிவிட்டார்கள். செல்லக்கண்ணுவுக்கு எலும்பும் தசையும்தான். குரும்பகரத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் காரைக்காலுக்கு வந்து, பிசியோதெரபியில் கையைச் சூடான மெழுகில் முக்கி எடுத்து, ரப்பர் பந்தை நூறு தடவை அமுக்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பினான். ஒரு நாள் தவறியதில்லை. ஜவஹர் அலி மூன்று வாரத்தில் நிறுத்திக்கொண்டான். நரம்பு இல்லாத கைக்குப் பந்து எதற்கு என்று செல்லக்கண்ணுவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்று பஸ்ஸில் திரும்பும்போது மனசு வேறு மாதிரி கூட்டிக் கழித்தது. ஒழுங்காகப் போனவனுக்கு ஒன்றுமில்லை. வீட்டில் படுத்திருந்தவனுக்கு நாற்பது.

குழுவின் அறைக்குள் நடந்தது அவனுக்கு மறுபடி மறுபடி நினைவில் வந்தது. டாக்டரம்மா விரல்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஊசியால் குத்திப் பார்த்தார். இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை என்பதையும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் எதையும் பிடிக்க முடியாது என்பதையும் உள்ளபடி சொன்னான். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். முப்பது சதவீதமாவது வரும் என்று தோன்றியது. கடைசியில் எக்ஸ்ரே கவர்களோடு கனமான ஃபைலை எடுத்து, “இத வெளில கிளார்க்குட்ட குடுத்துருங்க” என்று நீட்டினார். அவ்வளவு படித்தவர் ஒன்றைக் கொடுக்கும்போது இடது கையை நீட்டுவது எப்படி? யோசிக்கவே இல்லை. வலது கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது.

“நல்லாப் பிடிக்கிறீங்களே” என்றார் டாக்டரம்மா. குறை சொல்லும் குரலில்லை, சந்தோஷமாகவே சொன்னார். பேனாவை மறுபடி திறந்தார். மூலையில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஹெச்.ஆர். அம்பலவாணன் குனிந்து தன் செல்போனில் என்னவோ குறித்துக்கொண்டார். ஜவஹர் அலி தன் ஃபைலை, “மன்னிச்சுக்குங்கம்மா, எடது கை” என்று சொல்லி வாங்கியிருந்தான்.

வீட்டில் அவன் மனைவி வினோதா தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். கம்பெனி கொடுத்த அரைச் சம்பளம் அந்த மாதத்தோடு நின்றுவிடும். மெஷினுக்கு இனி போக முடியாது. இழப்பீடு வந்தால் மெயின் ரோட்டில் ஒரு மளிகைக் கடை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

“ஜவஹர் அண்ணன் பஸ் ஸ்டாண்டுல கடைக்கு எடம் பாத்துட்டாராம். அவங்க வீட்டு சுஹைனா போன்ல சொல்லுது.”

“பாக்கட்டும்.”

“அவரக் காப்பாத்தப் போனது நீங்க. கடை அவருக்கு.” வீட்டில் அமுக்க வைத்திருந்த ரப்பர் பந்தை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்தாள். “ஆறு மாசந்தானே? கைய அசைக்காதீங்க. நல்லாயிட்டு வந்தாத்தானே நல்லாயிட்டு வருதுன்னு எழுதுவாங்க.”

அவன் மறுப்பான் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுக்கவில்லை. மறுநாள் பஸ்ஸுக்குப் போகவில்லை. கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டான். இரண்டாவது வாரம் காலையில் எழுந்தபோது விரல்கள் காய்ந்த தோல் மாதிரி விறைத்திருந்தன. முதலில் வந்தது ஒரு திருப்தி. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பயம் வந்தது. தெருவில் ஜவஹர் அலியைப் பார்த்தால் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. மடங்கித் தொங்கும் அந்தக் கையைத்தான் பார்த்தான், அடுத்தவன் கட்டிய மாடி வீட்டைப் பார்ப்பதுபோல.

மூன்றாவது மாதம் ஜவஹர் அலியின் தங்கை சஜிதாவுக்கு நிக்காஹ். கம்பெனியில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்திருந்தான். பந்தலில் பாய் விரித்து, சஹன் வைத்திருந்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும், ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர். சைவக்காரர்களுக்கு எதிரே மேஜை போட்டு இலை. அங்கே அம்பலவாணன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மாப்ள, நீ நம்ம சஹன்ல வா” என்று ஜவஹர் அலி இழுத்து உட்கார வைத்தான். இருவர் கையிலும் ஸ்பூன், இடது கையில். எதிரே இருந்த முகம்மது இப்ராஹிம், ஜவஹர் அலி காக்கா என்று கூப்பிடும் பெரியப்பா மகன் அண்ணன், சிரித்தார்.

“என்னங்கடா ரெண்டு பேரும் துபாய் ஓட்டல்ல உக்காந்த மாதிரி சாப்புடுறிய!”

“ஸ்பூனுக்கும் சேத்துத்தான் காக்கா மொய் வாங்கிருக்கோம்” என்றான் ஜவஹர் அலி. நாலு பேரும் சிரித்தார்கள். அவன் ஸ்பூன் ஒரு கறித்துண்டைத் துரத்தியது. அது நெய்யில் வழுக்கித் தட்டின் ஓரத்துக்குப் போனது. மறுபடி துரத்தினான். எலும்பிலிருந்து பிய்க்க இன்னொரு கை வேண்டும். விட்டுவிட்டு வெறும் சோற்றை அள்ளினான்.

“ஏன் துண்டு சுத்திருக்க? நல்லாயிட்டு வந்துச்சே.”

“வலி.”

“பந்து அமுக்குறியா?”

“ம்.”

“விட்ராத.” ஜவஹர் அலி துண்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். “கோவிச்சுக்காத மாப்ள. ஒன் கையப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அந்தக் கை மட்டும் எனக்கு இருந்தா, தூக்கத்துல கூட அமுக்கிட்டே கெடப்பேன்.”

எதிர் மேஜையில் அம்பலவாணன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார். இப்ராஹிம் இன்னொரு கரண்டி கறி வைக்கச் சொன்னார். சோற்றில் ஆவி எழும்பியது. செல்லக்கண்ணு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, துண்டைச் சுற்று சுற்றாகப் பிரித்தான். வெளுத்து ஈரமாகியிருந்த கையைத் தட்டின் ஓரத்தில், ஜவஹர் அலி பிய்க்க முடியாமல் விட்ட கறித்துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதைப் பிடிக்க விரல்களை மடக்கினான். கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் வந்தது. நடுவிரல் பாதி வரை வந்து நின்றது. மற்ற இரண்டும் அசையவில்லை. தட்டைச் சுற்றி எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.